தொடக்கம் 5.21, முடிவு 5.21

"2001 ஒக்டோபர் 16, செவ்வாய். டிவிசன் 3. தொடக்கம் 5.21. முடிவு 5.21. நிலை: முடிந்தது. பார்த்தேன்: ஆம்."

என்னிடம் இருக்கும் நீளமான குறிப்பேடு ஒன்றின் நாற்பத்தோராம் பக்கத்தில் இந்த வரி இருக்கிறது. குறிப்பேடு என்னுடையதல்ல. இந்த வரியின் கையெழுத்து என்னுடையது. வரியின் கடைசிச் சொல் பொய்.

குறிப்பேட்டுக்கு உரியவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்க எனக்கு வழியில்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதுளை நகரில் எங்கள் தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகம் இருந்தது. முன்பு தேயிலை மாதிரிகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைக் கணினி அறையாக்கினார்கள். குளிரூட்டி போட்ட பிறகும் அந்த அறையில் தேயிலை வாசம் போகவில்லை. 1997 மார்ச்சில் அந்த அறைக்குப் பொறுப்பாக வந்தவர் அவர். யாழ்ப்பாணத்துப் பெண். வயது இருபத்தெட்டு இருக்கலாம், கேட்டதில்லை. எனக்கு அப்போது முப்பத்தொன்பது. அதே அலுவலகத்தில் பழைய பதிவேடுகளுக்குப் பொறுப்பான எழுதுவினைஞன். அவர் என்னை "அண்ணை" என்பார். நான் அவரை "மிஸ்" என்பேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாப் பெண்களும் மிஸ்தான்.

அவருடைய முக்கியமான வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு தோட்டங்களின் தொழிலாளர் விபரங்களும், டிவிசன் எனப்படும் பிரிவுவாரியாக, ஒரே கணினியில் இருந்தன. ஒவ்வொரு நாளும் அதிகாலை ஐந்து மணிக்கு அந்தக் கணினி, தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரு நாடாவில் பிரதி எடுத்துக்கொள்ளும். பேக்கப் என்பது இதுதான். மாலையில் மின்வெட்டு இருந்த காலம் என்பதால் விடியற்காலையைத் தெரிவு செய்திருந்தார்கள். ஏழரைக்கு அவர் வந்து, பிரதி ஒழுங்காக எடுபட்டதா என்று பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. கொழும்பிலிருந்து வந்த புதிய மென்பொருளில், வேலை முடிந்தால் படத்தோடு ஒரு பச்சைச் சரி விழும். முகாமையாளர் தன் அறையிலிருந்தே அதைப் பார்த்துத் திருப்திப்படுவார். இவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். கறுப்புத் திரையைத் திறந்து, ஒளிரும் கோட்டுக்கு முன்னால் கட்டளைகளைத் தட்டச்சு செய்வார். மூன்று கட்டளைகள். முதலாவது, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, நிலை என்ன என்று கேட்கும். இரண்டாவது, ஒவ்வொன்றிலும் எத்தனை கோப்புகள், எவ்வளவு பாரம் என்று கேட்கும். மூன்றாவது, நாடாவிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வெளியே எடுத்து ஒரு வெற்றிடத்தில் வைக்கும். அதை அவர் திறந்து ஒரு வரியை வாய்விட்டு வாசிப்பார். "டிவிசன் ஒண்டு. முனியம்மா. கொழுந்து. இடது கையில வெட்டுத் தழும்பு." வாசித்த பிறகுதான் குறிப்பேட்டில் "பார்த்தேன்: ஆம்" என்று எழுதுவார்.

"பச்சைச் சரி விழுந்திட்டுதே மிஸ்" என்று ஒருநாள் சொன்னேன்.

"அதைப் போட்டது ஆர் அண்ணை? வேலை செய்த அதே மிசின்தானே. சோதினை எழுதினவனே தன்ர பேப்பரைத் திருத்தின மாதிரி."

இந்தக் குணம் கணினி அறையோடு நிற்கவில்லை. எங்களுக்குத் தேநீரும் வடையும் கொண்டுவருபவர் பக்கத்துக் கடைக்காரர்; முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லாருக்கும் நானா. தட்டு வந்ததும் இவர் மேலே இருக்கும் வடையைத் தொடமாட்டார். நடுவில் ஒன்றை உருவி, உடைத்து, மூக்கருகே பிடித்துப் பார்ப்பார்.

"என்னா மிஸ், உள்ளுக்குத் தங்கமா ஈக்கி? ஒவ்வொரு நாளும் ஒடைச்சி ஒடைச்சிப் பாக்குறீங்க."

"மேல இருக்கிறது எப்பவும் நல்லதாத்தான் இருக்கும் நானா. அதுக்குத்தானே மேல வைக்கிறனீங்கள்."

"அல்லாஹ்வே! இந்த மிஸ்ஸக் கட்டிக்கப் போற மாப்புள பாவம்."

"அவரையும் நடுவில இருந்துதான் எடுப்பன்."

நானா சிரித்த சிரிப்பில் கிளாஸ்கள் ஆடின. ஆனால் ஒருநாள் நடுவடை ஊசிப்போயிருந்தது. அன்றிலிருந்து அவர் எங்கள் அலுவலகத்துக்குப் பழைய வடை அனுப்பியதில்லை என்பதற்கு நான் சாட்சி.

தெமோதரையில் ரயில், நிலையத்தைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்துக்கு அடியிலிருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். எங்களூர்ப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். இவருக்கு யாரோ சொன்னபோது "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை மேடையில் மணிக்கூட்டோடு நின்றிருக்கிறார். ரயில் போனதும் காத்திருந்து, காலுக்குக் கீழே அது போகும் சத்தத்தைக் கேட்டு, எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். திங்கட்கிழமை என்னிடம் வந்து, "அண்ணை, உண்மைதான்" என்றார், ஏதோ நான் பொய் சொல்லியிருப்பேன் என்று அதுவரை சந்தேகித்தவர் போல.

அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். அந்த நாட்களில் அங்கே கடிதம் போவது கப்பலையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. இவர் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இலக்கம் போடுவார். அம்மா பதில் எழுதும்போது கிடைத்த இலக்கங்களைக் குறிப்பிட வேண்டும். "முப்பத்தொண்டு கிடைச்சிருக்கு. இருபத்தொன்பது கிடைக்கேல்ல" என்று சொல்லிவிட்டு, இருபத்தொன்பதை மறுபடி எழுதி அனுப்புவார். எப்படி நினைவிருக்கும் என்று கேட்டேன். எல்லாவற்றையும் நகல் எழுதி வைக்க ஒரு கொப்பி வைத்திருந்தார்.

இனி ஒக்டோபர்.

2001இல் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் தரப்பட்டது. தோட்டத்தில் யார் எப்போது பிறந்தார், எப்போது வேலைக்குப் பேர் பதிந்தார் என்று பழைய கிளார்க்குமார் மையால் எழுதி வைத்த பெரிய புத்தகங்கள். ஏற்றி முடிந்தவற்றைச் சாக்கில் கட்டித் தொழிற்சாலை அடுப்புக்கு அனுப்புவது என்று முகாமையாளர் முடிவு செய்திருந்தார். அறை தேவைப்பட்டது; கறையானும் பிடித்திருந்தது.

அந்தப் புத்தகங்களில் எனக்குச் சொந்தத் தேவை ஒன்றும் இருந்தது. என் அம்மாவுக்கு அடையாள அட்டை இல்லை. தங்கச்சி வத்தளையில் இருந்தாள். அதற்கு முந்தைய வருடம் அவளைப் பார்க்கக் கிளம்பிய அம்மாவைக் கொழும்புக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை பொலிஸ் நிலைய வாங்கில், மடியில் ஒரு பை கருவாட்டு ரொட்டியோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அட்டை எடுக்கப் பிறப்புக்கு ஒரு சான்று வேண்டும். அம்மாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சான்று, டிவிசன் மூன்றின் பதிவேட்டில் ஒரு வரி. அதைக் கையால் எழுதி ஒப்பம் வாங்கியிருக்கலாம். கணினியிலிருந்து அச்செடுத்துக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

செப்டெம்பர் கடைசியில் அவருடைய அக்காவுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை. மூன்று கிழமை விடுமுறை எடுத்தார். போகுமுன் மூன்று கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு, குறிப்பேட்டை என் கையில் தந்தார்.

"மூண்டையும் அடிக்கோணும் அண்ணை. முதலாவது மட்டும் காணாது."

"பாத்துக்கிறேங்க மிஸ். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

ஒக்டோபர் முதலாம் திகதி டிவிசன் மூன்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பதின்மூன்றாம் திகதி முடித்தேன். அம்மாவின் வரி வந்த நாளில் எழுந்து போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தேன். காலையில் முதலாவது கட்டளையை மட்டும் அடித்தேன். எல்லாவற்றுக்கும் நேராக "முடிந்தது" என்று வந்தது. அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் "பார்த்தேன்: ஆம்" என்று எழுதினேன். மூன்றாவது கட்டளை நீளமானது, பிழை காட்டும், நேரம் எடுக்கும். இதெல்லாம் காரணமாகச் சொல்லத் தக்கவை அல்ல. பதினைந்து நாட்கள், பதினைந்து ஆம்.

பதினேழாம் திகதி புதன் பின்னேரம் இடிமழை. எங்கள் பக்கம் ஒக்டோபரில் அது வழக்கம். ஓர் இடியில் தொலைபேசிகள் செத்தன. கணினியின் வட்டும் செத்தது. வியாழன் கொழும்பிலிருந்து ஆள் வந்து புது வட்டுப் போட்டு, நாடாவிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினார். பச்சைச் சரி விழுந்தது. முகாமையாளர் சந்தோஷத்தில் அடுத்த நாள் காலையே சாக்குகளை லொறியில் ஏற்றச் சொன்னார்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு லொறி போனது. ஏழரைக்கு மிஸ் வந்தார். கொழும்பு மெயிலில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், பையோடு நேரே அலுவலகத்துக்கு. கணினியைத் தொடவில்லை. முதலில் குறிப்பேட்டைத் திறந்தார். விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அண்ணை, டிவிசன் மூண்டு. அஞ்சு இருபத்தொண்டுக்குத் தொடங்கி அஞ்சு இருபத்தொண்டுக்கே முடிஞ்சிருக்கு."

"ஆமாங்க. சீக்கிரமா முடிஞ்சிருக்கு."

"மற்றதெல்லாம் நாலு நிமிசம், அஞ்சு நிமிசம் எடுத்திருக்கு. ஒரு நிமிசமும் எடுக்காத வேலை என்ன வேலை? இதைத் திறந்து பாத்தனீங்களோ?"

அவர் உட்கார்ந்து இரண்டாவது கட்டளையை அடித்தார். டிவிசன் மூன்றுக்கு நேராகக் கோப்புகள்: பூச்சியம்.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. என்னைத் தவிர வேறு யாரும் அந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. எங்கள் தோட்டங்களில் கம்பனியின் வரைபடத்தில் ஒரு பெயர், சனங்களின் வாயில் ஒரு பெயர். டிவிசன் மூன்று எங்கே என்று என் அம்மாவைக் கேட்டால் தெரியாது என்பார். அவர் பிறந்தது அங்கேதான். எங்களுக்கு அது பாலத்து டிவிசன். சொந்த இடம் என்ற நினைப்பில் கணினியிலும் "பாலம்" என்று ஒரு பெட்டியைத் திறந்து அதற்குள் எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். பிரதி எடுக்கும் வேலைக்குக் கொடுத்திருந்த பட்டியலில் இருந்ததோ "டிவிசன் 3". அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. கணினி ஒவ்வொரு காலையும் அந்த வெறும் பெட்டியைத் திறந்து, எடுக்க ஒன்றும் இல்லை என்று கண்டு, "முடிந்தது" என்றது. அது பொய் சொல்லவில்லை. நாடாவில் ஏறாத "பாலம்" செத்த வட்டோடு போய்விட்டது.

"புத்தகங்கள் எங்க?" என்றார்.

சொன்னேன். அம்மாவின் வரியைப் பற்றியும் சொன்னேன். அவர் பையை மேசைக்குக் கீழே தள்ளினார்.

"வாங்கோ."

தொலைபேசி இல்லை. தெமோதரைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். வழியில் நான் நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஒரு சாக்கில எத்தினை புத்தகம் வரும்?" என்று மட்டும் கேட்டார். இறங்கித் தொழிற்சாலைக்கு ஏறும் குறுக்குப் பாதையில் அவருடைய செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டார்.

இலை உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரிந்த பெரியவர். எங்களைப் பார்த்ததும் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"வாங்க கிளாக்கரய்யா. என்னாங்க இது, எரிக்கிறதுக்கு ஈரத் தாள அனுப்பியிருக்கீங்க? ஒரு சாக்கு போட்டேன். அடுப்பு பொகையுது, சூடு எறங்குது. இன்னும் போட்டா இலை கெட்டுப் போயிரும். தொர ஒங்களயா கேப்பாரு? என்னயத்தான் கேப்பாரு. மிச்சத்த அந்தா காய வச்சிருக்கேன்."

புதன்கிழமை மழையில் களஞ்சியக் கூரை ஒழுகியிருந்தது. அடுப்புக்குப் பின்புறச் சுவரோரம், வெதுவெதுப்பான சிமெந்துத் தரையில், புத்தகங்களை விசிறி மாதிரி விரித்து வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். சொந்த வீட்டு நெல்லைக் காய வைப்பது போல அக்கறையாக.

"பெரியவர், நீங்கள் தெய்வம்" என்றார் மிஸ்.

"தெய்வமாவது! மதியம் காஞ்சோன்ன போட்டிருப்பேன் புள்ள."

டிவிசன் மூன்றின் புத்தகங்கள் மூன்று. இரண்டு இருந்தன. நடுவில் உள்ளது எரிந்துபோன சாக்கில் போய்விட்டது. அம்மாவின் ஆண்டு முதல் புத்தகத்தில். கிடைத்துவிட்டது என்று நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். மட்டையைப் பார்த்தே எனக்குப் போதுமாக இருந்தது.

"திறவுங்கோ" என்றார் அவர்.

"இதுதாங்க மிஸ். எனக்குத் தெரியும்."

"திறந்து வாசியுங்கோ அண்ணை."

ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மை கலங்கியிருந்தது, வரி இருந்தது. அம்மாவின் பெயர், பாட்டியின் பெயர், திகதி. சத்தமாக வாசித்தேன். அவர் குறிப்பேட்டையும் பேனையையும் நீட்டினார். அங்கேயே நின்று அதைப் பார்த்து எழுதினேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. எழுதி முடித்ததும் வாங்கி, புத்தகத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுவிட்டு, ஓரத்தில் "பார்த்தேன்: ஆம்" என்று தன் கையால் எழுதினார். ஒரு கையில் செருப்பு இன்னும் இருந்தது.

முகாமையாளர் யார் பிழை என்று கேட்டார். மிஸ் என்னைக் காப்பாற்றவுமில்லை, காட்டிக்கொடுக்கவுமில்லை. "அவர் சொல்லுவார் சேர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். நான் சொன்னேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது; அதையும் வைத்திருக்கிறேன். என்னுடைய பதினைந்து ஆம்களையும் அவர் வெட்டவில்லை. அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "மேலே உள்ளவை பார்க்கப்படாதவை."

எரிந்துபோன நடுப் புத்தகத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் அந்த வருடக் கடைசி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்து டிவிசனுக்குப் போனோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், அந்தப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டியவர்களைக் கேட்டு எழுதினோம். "மாரியம்மன் திருவிழாவுக்கு மூணா நாளு பொறந்தேன்னு அம்மா சொல்லும்" என்பார்கள். அதற்கென்று அவர் குறிப்பேட்டில் புதிதாக ஒரு பத்தி கீறினார். "சொன்னார்கள்" என்று தலைப்பு. ஒருபோதும் அதைப் "பார்த்தேன்" என்ற பத்திக்குள் போட விடவில்லை. அப்படி எழுதிய நாற்பத்தேழு பேரில் பாதிப் பேருக்காவது அந்தப் பட்டியல் பயன்பட்டதா என்று எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு 2002 பெப்ரவரியில் அட்டை வந்தது. தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திவிட்டது. பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் பிந்திவிட்டது. மார்ச்சில் போனார். ஆனால் பதிவேட்டின்படி அம்மாவுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்ததைவிட இரண்டு வயது கூட.

"நல்லாத்தான் தோண்டி எடுத்தா அந்தப் பொண்ணு" என்றார் அம்மா. "நீ போறப்ப அவளுக்கு ஏதாச்சும் செஞ்சு குடுத்து விடணும். ரெண்டு வயச வேணாம்னு திருப்பி எடுத்துக்குவாளான்னும் கேளு."

கேட்டேன். "பாத்திட்டம், இனி ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

2006 நடுப்பகுதியில் அவருடைய அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. ஒரு மாத விடுமுறையில் வடக்கே போனார். குறிப்பேட்டை மறுபடியும் என்னிடம் தந்தார். இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. நானே, "மூணையும் அடிப்பேங்க மிஸ்" என்றேன். "போய்க் கடிதம் போடுறன் அண்ணை. இலக்கம் போட்டு" என்றார். அவர் போன சில வாரங்களில் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது.

மூன்று கட்டளைகளையும் அடித்தேன். ஒவ்வொரு காலையும் ஒரு கோப்பைத் திறந்து, ஆளில்லாத அறையில் ஒரு வரியை வாய்விட்டு வாசித்தேன். நானா ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, "வடைய ஒடைக்க ஆளில்ல, கட போரடிக்கிது" என்றார்.

மிஸ்ஸின் கடிதம் இலக்கம் 1 ஓகஸ்டில் வந்தது. அம்மா தேறி வருகிறார் என்று எழுதியிருந்தார். இலக்கம் 2 ஒக்டோபரில் வந்தது. அரிசி விலையும், என் அம்மாவின் சுகமும், நாடா மாற்ற வேண்டிய திகதியும். அடுத்து 2007 ஜனவரி 23ஆம் திகதி எனக்குக் கிடைத்தது இலக்கம் 4. அதில் ஒரு வரி: "மூன்றாவதில் விபரமாக எழுதியபடியே முடிவெடுத்துவிட்டேன். அம்மாவுக்கும் சம்மதம். நீங்கள் குறை நினைக்க மாட்டீர்கள் என்று தெரியும்."

மூன்று கிடைக்கவில்லை என்று அன்றே எழுதினேன். ஏப்ரலில் மறுபடி எழுதினேன், இலக்கம் போட்டு. பதில் இல்லை.

அலுவலகத்தில் அவருடைய கோப்பில் "பதவி விலகினார்" என்று இருக்கிறது. விலகல் கடிதத்தைப் பார்க்கக் கேட்டேன்; கோப்பில் அது இல்லை. கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டதாக நானா சொன்னார். அவருக்கு யாரோ சொன்னார்களாம். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறார் என்று கொழும்புக் காரியாலயத்தில் ஒருவர் சொன்னார். என் அம்மா சாகும்வரை, "அது நடுவுல இருந்து ஒருத்தன எடுத்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவை எல்லாவற்றையும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், கேட்ட திகதிகளோடு, "சொன்னார்கள்" என்ற பத்தியில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்பது, நான் இதை எழுதும் இன்று வரை, பார்க்கப்படவில்லை.